பரீட்சை என்னும் சுங்கச்சாவடி

(நாமக்கல் ஜில்லாவில் விசைத்தறி, நூற்பாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



கூலி உயர்வையும் போனஸையும் பற்றிப் பேச வேண்டிய மேடையில் பரீட்சையைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் நினைக்கலாம். பரீட்சை பள்ளிக்கூடத்துச் சமாசாரம், உபாத்தியாயரும் பிள்ளைகளும் பார்த்துக் கொள்வார்கள் என்று நாம் ஒதுக்கி விடுகிறோம். அப்படி ஒதுக்கியதற்குத்தான் இன்று விலை கொடுத்துக் கொண்டிருக்கிறோம்.

கூலியில் பத்து ரூபாய் பிடித்தம் செய்தால் நமக்கு உடனே தெரிகிறது. ஏன் பிடித்தாய் என்று மேஸ்திரியைக் கேட்கிறோம், சங்கத்துக்கு வருகிறோம். ஆனால் நம் பிள்ளையின் எதிர்காலத்தில் பிடித்தம் செய்தால் யாரையும் கேட்பதில்லை. "அவனுக்குப் படிப்பு ஏறவில்லை", "அவள் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு, பையனைத் தறிக்கும் பெண்ணை நூல் மில்லுக்கும் அனுப்பி விடுகிறோம். இந்தப் பிடித்தத்தின் கணக்கை இன்று பார்ப்போம். எவ்வளவு பிடிக்கிறார்கள், யார் பிடிக்கிறார்கள், பிடித்தது யாருக்குப் போகிறது என்று பார்ப்போம்.

நம் ஊர்த் தொழில்களில் ஒன்று

நாமக்கல் என்றால் வெளியூர்க்காரர் என்ன சொல்லுகிறார்? லாரி என்கிறார், முட்டை என்கிறார். திருச்செங்கோடு என்றால் ரிக் வண்டி. ராசிபுரம், சேந்தமங்கலம் என்றால் ஜவ்வரிசி ஆலை. பள்ளிப்பாளையம், குமாரபாளையம் என்றால் தறி. இந்தப் பட்டியலில் சில பத்து ஆண்டுகளாக இன்னொரு தொழிலும் சேர்ந்திருக்கிறது. அதுதான் விடுதியோடு கூடிய தனியார் பள்ளிக்கூடம்.

தமிழ்நாட்டின் நாலா மூலைகளிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டு வந்து நம் ஜில்லாவில் விட்டார்கள். பிளஸ் டூ பரீட்சையில் மாநிலத்திலேயே முதல் மார்க் என்று பத்திரிகையில் படம் வரும். அந்தப் படத்தைக் காட்டி அடுத்த வருஷம் கட்டணத்தை உயர்த்துவார்கள். பிள்ளைகளுக்கு என்ன நடந்தது? பதினோராம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு வருஷம் உருப்போட வைத்தார்கள். விடியுமுன் எழுந்து, இரவு பத்து மணிக்கு மேலும் உட்கார்ந்து, வாரா வாரம் பரீட்சை, தினந்தோறும் பரீட்சை. ஜனங்களே இதற்கு 'பிராய்லர் பள்ளி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோழிப் பண்ணை நிறைந்த ஜில்லாவில் இந்தப் பெயருக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. விளக்கை அணைக்காமல் தீனி போட்டு, இத்தனை நாளில் இத்தனை எடை என்று கணக்கு வைப்பதை நாம் தினமும் பார்க்கிறோம்.

அங்கே பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. நிலத்தை அடகு வைத்து, தாலிக் கொடியை அடகு வைத்து அனுப்பியவர்கள் நம்மிலும் உண்டு. அங்கே பாடம் நடத்தும் ஆசிரியர்களையும் குறை சொல்லவில்லை. ரிசல்ட் குறைந்தால் வேலை போகும் என்ற பயத்தில் உழைக்கும் அவர்களும் தொழிலாளிகளே. குற்றம் எங்கே இருக்கிறது? ஒரே ஒரு பரீட்சையின் மார்க்கில் ஒரு மனிதனின் வாழ்க்கை முழுவதையும் தொங்கவிட்டால், அந்த மார்க்கை உற்பத்தி செய்து விற்க ஒரு முதலாளி வரத்தான் செய்வான். சரக்குக்குக் கிராக்கி இருந்தால் ஆலை முளைக்காதா?

2017ஆம் ஆண்டு மாநில சர்க்கார் ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. 2017-18 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வந்தது. பாடத்தை விழுங்கும் வழக்கத்துக்கு அது ஒரு கடிவாளம். ஆனால் அதே 2017இல்தான் நீட் பரீட்சை தமிழ்நாட்டு மெடிக்கல் காலேஜ்களின் வாசலில் வந்து உட்கார்ந்தது. விடுதிகள் காலியாகவில்லை, பெயர்ப்பலகை மாறியது. பிளஸ் டூ மார்க்குக்குப் பதிலாக நீட் பயிற்சி விற்பனைக்கு வந்தது. 2019 அக்டோபரில் நாமக்கல்லில் ஒரு நீட் பயிற்சி நிறுவனத்தை வருமான வரித்துறை சோதனை போட்டபோது சுமார் 30 கோடி ரூபாய் ரொக்கமாகவே அகப்பட்டது என்று அந்தத் துறையே அறிவித்தது. ரொக்கமாக, தோழர்களே! ஊர் ஊராக அடகுக் கடைக்குப் போன நகையும், விற்ற காணியும் அந்த நோட்டுக் கட்டுகளில் இருந்திருக்காதா?

ஒரு வருஷம் யாரிடம் இருக்கிறது?

நீட் எல்லாருக்கும் பொதுவான பரீட்சை என்கிறார்கள். ஒரே கேள்வித்தாள், ஒரே நேரம். இதில் ஏழை என்ன, பணக்காரன் என்ன என்று கேட்கிறார்கள்.

சுங்கச்சாவடியும் எல்லாருக்கும் பொதுதான். லாரி டிரைவர் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். பணம் கட்டினால் தடுப்பு தூக்கும், கட்டாவிட்டால் தூக்காது. அது யாருடைய ஜாதியையும் கேட்பதில்லை, ஊரையும் கேட்பதில்லை. ஆனால் யார் அந்தச் சாவடியைத் தாண்டுகிறார்கள், யார் திரும்பிப் போகிறார்கள் என்பதைப் பையில் இருக்கும் பணம் தீர்மானிக்கிறது.

நீட்டில் கட்ட வேண்டிய சுங்கம் பணம் மட்டுமல்ல, காலமும்தான். 180 நிமிஷத்தில் 180 கேள்வி. தவறாக எழுதினால் ஒரு மார்க் கழியும். ஆழமாக யோசிக்கிற பிள்ளைக்கு அங்கே இடமில்லை; பழகிப் பழகிக் கை வேகம் ஏறிய பிள்ளைக்குத்தான் இடம். அந்த வேகம் ஒரு வருஷத்தில் வருவதில்லை. ஆகவே பிளஸ் டூ முடித்த பிறகு ஒரு வருஷம், இரண்டு வருஷம் வேறு வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்து பயிற்சி எடுக்கிறார்கள்.

மாநில சர்க்கார் 2021இல் நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் ஒரு குழு போட்டது. 86,000க்கு மேற்பட்ட ஜனங்கள் அந்தக் குழுவுக்குத் தங்கள் அபிப்பிராயத்தை எழுதி அனுப்பினார்கள். குழு கொடுத்த கணக்கைக் கேளுங்கள். நீட் வருவதற்கு முந்திய 2016-17இல், டாக்டர் படிப்பில் சேர்ந்தவர்களில் பழைய வருஷத்து மாணவர்கள் நூற்றுக்கு 12 பேர். மீதிப் பேர் அந்த வருஷமே பிளஸ் டூ முடித்தவர்கள். 2020-21இல் கணக்கு தலைகீழாயிற்று. சேர்ந்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் ஒரு வருஷமோ, அதற்கு மேலோ காத்திருந்து மறுபடியும் பரீட்சை எழுதியவர்கள்.

இந்த ஒரு எண்ணிக்கையை மட்டும் மனசில் வைத்துக் கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானே விளங்கும். நம் வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை ஒரு வருஷம் சம்பாதிக்காமல் உட்கார்ந்து படிக்க முடியுமா? 2025-26ஆம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். நூறு நாளும் தவறாமல் வேலை கிடைத்தாலும் 33,600 ரூபாய். விடுதியோடு கூடிய நீட் பயிற்சிக்கு ஒரு வருஷக் கட்டணம் லட்சத்தைத் தாண்டுகிறது. மூன்று வருஷக் கூலியைச் சாப்பிடாமல், உடுத்தாமல் சேர்த்து வைத்தால் ஒரு வருஷக் கட்டணம் கட்டலாம்!

ஆகவே சீட்டு யாருக்குப் போயிற்று? குடும்பத்திலேயே முதல் முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்த பிள்ளைகள் 2016-17இல் நூற்றுக்கு 24 பேர் இருந்தார்கள். 2020-21இல் 14 பேராகக் குறைந்தார்கள். தமிழில் படித்துவிட்டு சர்க்கார் மெடிக்கல் காலேஜுக்குள் நுழைந்தவர்கள் முன்பு நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்தார்கள். நீட்டுக்குப் பிறகு ஏறக்குறைய 2 பேர். கிராமத்துப் பிள்ளைகளின் பங்கும் விழுந்தது. அவர்கள் விட்ட இடத்தை நகரத்து சி.பி.எஸ்.இ. பள்ளி மாணவர்கள் நிரப்பினார்கள். கிராமத்துப் பிள்ளைகளின் மூளை 2017ஆம் வருஷம் திடீரென்று சுருங்கி விட்டதா? மாறியது மூளையல்ல, தோழர்களே, வாசல் மாறியது.

தமிழ்க் கேள்வித்தாள்

தமிழிலும் நீட் எழுதலாமே என்று சொல்லுவார்கள். 2018இல் தமிழில் எழுதிய பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது? தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகள் தப்பும் தவறுமாக மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் ராஜ்யசபை மெம்பர் தோழர் டி.கே. ரங்கராஜன் மதுரை ஐகோர்ட்டுக்குப் போனார். கேள்விக்கு 4 மார்க் வீதம் 196 மார்க் கொடுக்க வேண்டும் என்று 2018 ஜூலை 10ஆம் தேதி ஐகோர்ட் உத்தரவிட்டது. சுப்ரீம் கோர்ட் அதை முதலில் நிறுத்தி வைத்தது. அதே வருஷம் நவம்பரில் ரத்தும் செய்தது. தப்புச் செய்தது கேள்வி கேட்டவன். தண்டனை அடைந்தது தமிழில் படித்த பிள்ளை.

அதே வருஷம் நம் பிள்ளைகள் பலருக்குக் கேரளத்திலும் ராஜஸ்தானிலும் பரீட்சை மையம் போட்டார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து மகனை எர்ணாகுளத்துக்கு அழைத்துச் சென்ற ஒரு தந்தை, மகன் உள்ளே பரீட்சை எழுதிக் கொண்டிருந்த வேளையில் வெளியே மாரடைப்பால் மாண்டு போனார்.

தகுதி, தகுதி என்கிறார்களே!

"தகுதி வேண்டாமா? தகுதியில்லாத டாக்டர் கையில் உடம்பைக் கொடுப்பாயா?" இந்தக் கேள்வியைக் கேட்டு நம் வாயை அடைத்துவிடப் பார்க்கிறார்கள். பதில் சொல்லுவோம்.

நீட் எழுதிய எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, பாதிக்கு மேல் நிற்பவர்கள் எல்லாம் டாக்டர் படிப்புக்குத் தகுதி என்று விதி வைத்தார்கள். 2018இல் பொதுப் பிரிவுக்கு அந்தத் 'தகுதி' மார்க் எவ்வளவு தெரியுமா? 720க்கு 119! நூற்றுக்குப் பதினேழு கூட இல்லை. பிற்பட்ட, தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு அதையும் விடக் குறைவு. சரி, அந்த மார்க் வாங்கிய ஏழைப் பிள்ளைக்கு சர்க்கார் காலேஜில் இடம் கிடைக்குமா? கிடைக்காது. தனியார் காலேஜில் கட்டணம் கட்ட முடியுமா? முடியாது. பணக்கார வீட்டுப் பிள்ளை அதே மார்க்கை வைத்துக் கொண்டு லட்சம் லட்சமாகக் கட்டிச் சேரலாம். நானூறு மார்க் வாங்கிய கூலிக்காரன் மகள் வாசலில் நிற்கிறாள். நூற்று இருபது மார்க் வாங்கிய பணக்காரன் மகன் உள்ளே போகிறான். இதற்குப் பெயர் தகுதியாம்!

மேல்படிப்புக் கதை இதையும் மிஞ்சியது. 2023 செப்டம்பரில் டாக்டர் மேல்படிப்புக்கான நீட்டில், காலியாகக் கிடந்த இடங்களை நிரப்புவதற்காக, தகுதி அளவைப் பூஜ்யமாகவே இறக்கினார்கள். பரீட்சை எழுதியிருந்தால் போதும் என்று ஆயிற்று. காலேஜ் முதலாளியின் சீட்டு விலை போகாமல் கிடந்தபோது தகுதி தரைக்கு இறங்கி வந்தது. கூலிக்காரன் பிள்ளைக்காக அது ஓர் அங்குலமாவது இறங்கியதுண்டா?

ஒழுங்கும் நேர்மையும் காப்பாற்றப்பட்டதா? 2019இல் தேனி மெடிக்கல் காலேஜில் ஆள்மாறாட்டம் வெளியாயிற்று. வேறொருவனைப் பரீட்சை எழுத வைத்து சீட்டு வாங்கிய கதை போலீசுக்குப் போயிற்று. 2024இல் 23 லட்சம் பேர் எழுதிய பரீட்சையில் 67 பேர் முழு மார்க் வாங்கியதாக முதலில் அறிவித்தார்கள். பிறகு கேள்வித்தாள் ஹசாரிபாக்கிலும் பாட்னாவிலும் வெளியான விஷயம் சுப்ரீம் கோர்ட்டிலேயே உறுதியாயிற்று. ஆனாலும் பரீட்சை ரத்தாகவில்லை. நம் பெண் பிள்ளைகளின் தோட்டையும் துப்பட்டாவையும் கழற்றச் சொல்லிச் சோதனை போட்டவர்கள், கேள்வித்தாள் இருந்த பெட்டியைக் காப்பாற்றவில்லை.

பழைய தந்திரம்

இது புதிய தந்திரமல்ல. வெள்ளைக்காரன் ஐ.சி.எஸ். பரீட்சை வைத்தான். 1855 முதல் அது போட்டிப் பரீட்சை. இந்தியர்களும் எழுதலாம், தடையில்லை என்றான். ஆனால் பரீட்சை லண்டனில் நடந்தது! கப்பல் ஏறிப் போய் எழுத வேண்டும். இந்தியாவிலும் அந்தப் பரீட்சையை நடத்துவதற்கு 1922 வரை ஆயிற்று. நடுவில் 1870களில் வயது வரம்பை 21இலிருந்து 19ஆகக் குறைத்து, இந்தியப் பிள்ளைகளை இன்னும் ஒரு படி கீழே தள்ளினான். பொதுப் பரீட்சை என்ற பெயரும் கெடவில்லை. அதிகாரமும் கை மாறவில்லை. இன்று லண்டனுக்குப் பதில் பயிற்சி நிலையம். கப்பல் கூலிக்குப் பதில் பயிற்சிக் கட்டணம்.

அந்த வெள்ளைக்காரன் தன் நாட்டுத் தொழிலாளி பிள்ளைகளை மட்டும் விட்டானா? 1944ஆம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் பதினோரு வயதிலேயே பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள். பாசானவன் காலேஜுக்குப் போகும் பள்ளிக்கு. மற்றவன் தொழிலாளியாக வேண்டியவன் படிக்கும் பள்ளிக்கு. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்தப் பக்கம் விழுந்திருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. புத்தி பிறப்பிலேயே வருவது, அதைப் பரீட்சையால் அளந்துவிடலாம் என்று சிரில் பர்ட் என்னும் பண்டிதர் புள்ளிவிவரம் காட்டினார். அந்தப் புள்ளிவிவரங்கள் நம்பத் தகாதவை என்று 1970களில் அம்பலமாயிற்று. அதற்கு முன்பே, 1965 முதல், தொழிலாளர் இயக்கத்தின் வற்புறுத்தலால் இங்கிலாந்தின் பெரும்பாலான பகுதிகள் அந்தப் பரீட்சையைக் கைவிடத் தொடங்கின.

சோவியத் நாட்டிலும் ஒரு காலத்தில் இந்தப் புத்தி அளக்கும் பரீட்சைகள் புகுந்தன. தொழிலாளி, விவசாயி பிள்ளைகளுக்குத்தான் 'மந்த புத்தி' என்ற முத்திரை அதிகம் விழுந்தது. 1936 ஜூலை 4ஆம் தேதி கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் கமிட்டி தீர்மானம் போட்டு அந்தச் சோதனைகளை நிறுத்தியது. பிள்ளை படிக்கவில்லையென்றால் பிள்ளைக்கு முத்திரை குத்தாதே, பாடம் சொல்லிக் கொடு என்பதே அதன் சாரம்.

குலக்கல்வி திரும்பி வந்த வழி

நம் மண்ணிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. பழைய சேலம் ஜில்லாவில் பிறந்து, சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி, 1953இல் முதல் மந்திரியாக இருந்தபோது ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தார். கிராமத்துப் பிள்ளை பாதி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும். மீதி நேரம் தகப்பன் தொழிலைக் கற்க வேண்டும். சலவைக்காரர் பிள்ளை துணி வெளுக்க, சக்கிலியர் பிள்ளை செருப்புத் தைக்க என்று ஜனங்கள் புரிந்து கொண்டு 'குலக்கல்வி' என்று பெயரிட்டார்கள். திராவிட இயக்கத்தாரும் நாமும் எதிர்த்து நின்றோம். 1954இல் ராஜாஜி பதவியை விட்டுப் போனார். காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

அன்று வெளிப்படையாகச் சொன்னதால் ஜனங்களுக்குக் கோபம் வந்தது. இன்று யாரும் அப்படிச் சொல்லுவதில்லை. "எல்லாரும் எழுதலாம், ஜெயித்தவன் வரலாம்" என்கிறார்கள். முடிவு மட்டும் பழைய முடிவாகவே வருகிறது. தறிக்காரன் மகன் தறிக்கே வருகிறான். ஆனால் இப்போது சர்க்கார் தடுத்ததால் அல்ல, தன்னுடைய மார்க் குறைந்ததால் என்று அவனே நம்புகிறான். இதுதான் பரீட்சை செய்யும் பெரிய அரசியல் வேலை. மேஸ்திரி கூலியைக் குறைத்தால் தொழிலாளி மேஸ்திரியை வெறுக்கிறான். பரீட்சை வாழ்க்கையைக் குறைத்தால் பிள்ளை தன்னைத்தானே வெறுக்கிறான்.

அரியலூர் ஜில்லா குழுமூர் கிராமத்து அனிதாவை மறக்க முடியுமா? மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண். பிளஸ் டூவில் 1200க்கு 1176 மார்க் வாங்கினாள். பழைய முறை இருந்திருந்தால் அவளுக்கு மெடிக்கல் சீட்டு நிச்சயம். நீட்டில் 720க்கு 86 மார்க் என்றார்கள். அவள் சுப்ரீம் கோர்ட் வரை போய் நியாயம் கேட்டாள். 2017 ஆகஸ்ட் 22ஆம் தேதி, நீட் மார்க்கின்படியே சேர்க்க வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது. செப்டம்பர் 1ஆம் தேதி அவள் உயிரோடு இல்லை. அவளுக்குப் பின்னும் பல பிள்ளைகளை இழந்தோம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். மார்க் குறைந்த பிள்ளையை அன்றைக்கு ராத்திரி தனியே விடாதீர்கள். "நீ தோற்கவில்லை, உன்னைத் தோற்கடித்தார்கள்" என்று சொல்லுங்கள். இது ஆறுதல் வார்த்தையல்ல. கணக்குப் பார்த்தால் இதுதான் உண்மை. போராடப் பிள்ளைகள் உயிரோடு வேண்டும்.

சட்டசபை போட்ட சட்டம் எங்கே?

தமிழ்நாட்டில் நுழைவுப் பரீட்சை 1984 முதல் இருந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பாதகம் என்று கண்டு, அனந்தகிருஷ்ணன் குழுவின் யோசனைப்படி 2006இல் சட்டம் போட்டோம், 2007இல் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டார், பரீட்சை ஒழிந்தது. அது ஜனங்கள் பெற்ற வெற்றி. பத்தே வருஷத்தில் டில்லி அதைப் பறித்துக் கொண்டது.

2017 தொடக்கத்தில் சட்டசபை ஏகமனதாக இரண்டு மசோதாக்களை நிறைவேற்றி அனுப்பியது. ஜனாதிபதி ஒப்புதல் தரவில்லை. அந்தச் செய்தியே 2019இல் கோர்ட்டில்தான் நாட்டுக்குத் தெரிந்தது. 2021 செப்டம்பர் 13ஆம் தேதி மறுபடியும் மசோதா. கவர்னர் மாதக் கணக்கில் வைத்திருந்து திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8ஆம் தேதி மறுபடியும் நிறைவேற்றினார்கள். அதற்கும் ஒப்புதல் இல்லை என்று 2025 ஏப்ரலில் தெரிந்தது. 2025 நவம்பரில் மாநில சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது.

கோடிக்கணக்கான ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சபை, கட்சி வித்தியாசம் பாராமல் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயத்தை டில்லியில் ஒரு மேஜைக்குள் போட்டுப் பூட்ட முடிகிறது. கல்வி முன்பு மாநிலத்தின் அதிகாரத்தில் இருந்தது. அவசரநிலைக் காலத்தில், 1976இல், 42ஆவது திருத்தம் போட்டு அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றினார்கள். அன்று திறந்த கதவு வழியாகத்தான் நீட் உள்ளே வந்தது. ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை என்று 2019இல் வந்ததும் அதே வழியில்தான். பத்து வயதுப் பிள்ளையைப் பெயிலாக்கி மாடு மேய்க்க அனுப்பும் அந்த ஏற்பாட்டை, ஜனங்கள் எதிர்த்ததால் 2020 பிப்ரவரியில் மாநில சர்க்கார் வாபஸ் வாங்கியது. எதிர்த்தால் வாபஸ் ஆகும், தோழர்களே, அதை மறக்காதீர்கள்.

நமக்கு எந்த டாக்டர் வேண்டும்?

2025 ஜூலையில் நம் ஜில்லாப் பள்ளிப்பாளையம் பக்கத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் தாங்காமல் சிறுநீரகத்தை விற்ற செய்தி வந்தது. தரகர்கள் தறிக் கொட்டகைக்கே வந்து பேரம் பேசியிருக்கிறார்கள். விசாரணை ஐகோர்ட் வரை போயிற்று. பிள்ளைகளை டாக்டராக்கும் வியாபாரத்துக்குப் பேர் போன ஜில்லாவில், தொழிலாளி தன் உறுப்பையே விற்கிறான்!

லட்சங்களைக் கொட்டி டாக்டரானவன் போட்ட முதலை எடுக்கத்தான் பார்ப்பான்; அது முதலாளித்துவத்தின் சாதாரணக் கணக்கு. கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி பாம்புக்கடிக்கு மருந்து கொடுக்க எழுந்து வருகிறவன் யார்? அந்த மலையையும் அந்தத் தறிக் கொட்டகையையும் தெரிந்தவன்தான். ஆகவே தொழிலாளி வீட்டுப் பிள்ளை டாக்டராவது அந்த ஒரு குடும்பம் முன்னுக்கு வரும் விஷயம் மட்டுமல்ல; நம் வர்க்கத்தின் உயிர்ப் பிரச்சினை. 2022 ஜனவரியில் நாமக்கல்லில் சர்க்கார் மெடிக்கல் காலேஜ் திறந்தார்கள். நம் வரிப் பணம், நம் ஊர் நிலம். அதன் வகுப்பில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வாசலைத் திறந்தால் நம் பிள்ளைகள் வருவார்களா? வருவார்கள், நிரூபணம் இருக்கிறது. சர்க்கார் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் என்று 2020இல் சட்டசபை சட்டம் போட்டது. கவர்னர் தாமதித்ததால் அக்டோபர் 29ஆம் தேதி சர்க்கார் உத்தரவே போட வேண்டி வந்தது. மறுநாள் அவர் கையெழுத்துப் போட்டார். முந்திய வருஷங்களில் விரல் விட்டு எண்ணும்படி இருந்த சர்க்கார் பள்ளிப் பிள்ளைகள், அந்த ஒரே வருஷத்தில் 300க்கு மேற்பட்டோர் எம்.பி.பி.எஸ். படிக்கப் போனார்கள். அந்தச் சட்டம் செல்லும் என்று 2022இல் சென்னை ஐகோர்ட்டும் தீர்ப்பளித்தது. அதே பள்ளி, அதே ஆசிரியர், அதே பிள்ளை. வாசலை அரை அடி திறந்ததும் இத்தனை பேர் நுழைந்தார்கள். ஆனால் இந்த அரை அடியில் திருப்தி கொள்ளலாகாது. சர்க்கார் பள்ளியில் படிக்கிறவர்கள் நம் பிள்ளைகள் லட்சக்கணக்கானோர், 7.5 சதவீதம் நமக்குரிய பங்கல்ல.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நீட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு விலக்கு. கல்வி மாநிலத்தின் அதிகாரத்துக்குத் திரும்பி வர வேண்டும். இது மாணவர் கோரிக்கை என்று விட்டுவிடக் கூடாது. மில் வாசல் கூட்டத்திலும், விவசாயத் தொழிலாளர் மகாநாட்டிலும் இது தீர்மானமாக வர வேண்டும்.

இரண்டாவது, நீட் ஒழிந்தால் மட்டும் எல்லாம் சரியாகி விடாது. நீட்டுக்கு முன்பும் பிராய்லர் பள்ளி இருந்தது; நீட் போனாலும் பழைய மார்க் வியாபாரத்துக்குத் திரும்ப அது தயாராக இருக்கும். 2025இல் மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பதினோராம் வகுப்புப் பொதுப் பரீட்சையைக் கைவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறைவது நல்லதுதான். ஆனால் கடிவாளம் கழன்றதும் பதினோராம் வகுப்புப் பாடத்தை மறுபடியும் மூட்டை கட்டி வைப்பார்கள் என்பதை நாமக்கல்காரர்களாகிய நாம் மற்றவர்களுக்கு முன்பே அறிவோம். பாடம் நடக்கிறதா என்று கல்வி இலாகா நேரில் பார்க்க வேண்டும். கட்டணத்துக்கு 2009ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது. அதை ஏட்டில் வைக்காமல் அமல் நடத்த வேண்டும்.

மூன்றாவது, நம் சர்க்கார் பள்ளிகள். பிராய்லர் பள்ளியை ஒழிக்கும் வழி அதை ஏசுவதல்ல. அதற்கு அவசியமில்லாமல் செய்வதே. பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் ஆசிரியர் இல்லாத மேல்நிலைப் பள்ளியில் பிள்ளையை வைத்துக் கொண்டு நாம் எந்தப் பரீட்சையை எதிர்த்து என்ன பயன்? பள்ளிதோறும் பள்ளி மேலாண்மைக் குழு என்று சட்டப்படி ஒன்று இருக்கிறது. அதில் பெற்றோருக்கு இடம் உண்டு. கூட்டத்துக்குக் கூப்பிட்டால் கூலி போகுமே என்று நாம் போவதில்லை. காண்டிராக்டரும் பிரமுகரும் போய் உட்காருகிறார்கள். இனிமேல் ஒரு தெருவுக்கு ஒருவராவது போங்கள். அன்றையக் கூலியைத் தெருவே பகிர்ந்து கொள்ளுங்கள். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, ஆய்வுக்கூடம் திறக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்கிச் சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். அதை வைத்துக் கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நாம் எல்லாரும் சேர்ந்து நிற்போம்.

நான்காவது, சங்கக் கட்டிடங்கள் மாலையில் பூட்டிக் கிடக்க வேண்டாம். விளக்குப் போட்டு, படித்த தோழர்களை அழைத்து, ஷிப்டு முடிந்து வரும் வீடுகளின் பிள்ளைகள் படிக்க இடம் கொடுங்கள். ஒற்றை அறை வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே படிக்கும் பிள்ளைக்கு அந்த வெளிச்சமும் அமைதியும் பெரிய உதவி.

தோழர்களே, 1950 பிப்ரவரி 11ஆம் தேதி சேலம் சிறையில் 22 தோழர்களைச் சுட்டுக் கொன்றார்கள். கைதியும் மனிதன், அவனை மனிதனாக நடத்து என்று கேட்ட குற்றத்துக்காக அந்தத் துப்பாக்கி வெடித்தது. அந்த மண்ணில் நின்று நாம் இன்று கேட்பதும் அதுதான். கூலிக்காரன் பிள்ளையும் பிள்ளை; அவனுக்கும் அறிவு உண்டு; அவனைப் படிக்க விடு.

கணக்கைப் பார்த்துவிட்டோம். பிடித்தம் எவ்வளவு, பிடித்தவர் யார் என்று தெரிந்துவிட்டது. கூலிப் பிடித்தத்துக்கு எப்படிச் சங்கம் சேர்ந்து நின்றோமோ, அப்படியே இதற்கும் நிற்போம்.

கல்வி சலுகையல்ல, உரிமை! போராடிப் பெறுவோம்!